கூப்பிடு தூரம்

மச்சான்,

போன வாரம் மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த மழைக்கோட்டை எடுத்து உதறினேன். பையிலிருந்து ஒரு கடுக்காய் டொக்கென்று விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. உன் அக்கா குனிந்து எடுத்தாள். "இது ஏதுங்க?" என்றாள். நான் கோட்டை இன்னொரு தடவை உதறினேன். நீ போட்டது என்று சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

கண்டக்டர் வேலையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பதே அபூர்வம். அது உனக்கு எப்படித்தான் தெரியுமோ, வடக்கனந்தலிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து வாசலில் ஆரன் அடிப்பாய். வாரம் பூரா பஸ்ஸில் நின்றே பிழைக்கிறவனை லீவு நாளிலும் இழுக்கிறானே என்று திட்டிக்கொண்டே சட்டை மாட்டுவேன். தியாகதுருகம் மலைக்கோட்டையில் இடிந்த மதில்மேல் உட்கார்ந்துகொண்டு, கீழே ரோட்டில் போகிற பஸ்ஸைக் காட்டி, "மாமா, உன் வண்டி பூடுது பாரு, ஓடிப் போய் ஏறு" என்பாய்.

கல்வராயன் மலையில் அந்தக் காலத்துக் கல் வீடுகளைப் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நாலு பக்கமும் பலகைக் கல், மேலே மூடியாக ஒரு கல். நீ தவழ்ந்து போய் உள்ளே படுத்தே விட்டாய். அது செத்தவர்களுக்குக் கட்டியதடா என்று பயமுறுத்தினேன். "வாடகை இல்ல, கரண்டு பில்லு இல்ல. நல்லாத்தான் இருந்துக்கினு இருந்திருக்காங்க" என்று உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது. எழுந்து வாடா வெளியே என்று கத்தத் தோன்றுகிறது.

ரோட்டோரமாக விழுகிற பெரியார் அருவியில் எத்தனையோ தடவை குளித்திருக்கிறோம். நடந்து போய்ப் பார்க்க வேண்டிய மேகம் அருவிதான் பாக்கி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கும் போனோம். வண்டியை நிறுத்திவிட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலைக்காரர் ஒருவரிடம் தூரம் கேட்டோம். "தோ, கூப்புடு தூரந்தாங்க" என்று கையை நீட்டினார். நம் பக்கத்தில் கூப்பிடு தூரம் என்றால் என்ன? நீ மரவள்ளிக் கொல்லையில் நின்று குரல் கொடுத்தால் வீட்டில் சோற்றுத் தட்டு வைப்பார்களே, அந்தத் தூரம். அதை நம்பித் தண்ணீர் பாட்டில்கூட எடுக்காமல் கிளம்பினோம். ஒரு மணி நேரம் நடந்த பிறகு எதிரே விறகோடு வந்தவரைக் கேட்டால், அவரும் கூப்பிடு தூரம்தான் என்கிறார்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவன் நான். என்னிடமேவா? அருவிச் சத்தம் காதில் விழுகிற இடம்வரை வந்தாயிற்று. ஒரு பாறையில் கால் வழுக்கியது. "நான் வரல, திரும்பு" என்று கத்தினேன்.

நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா என்றுகூட நான் சொல்லவில்லை மச்சான். "தனியா பாத்து இன்னா பண்றது" என்று நீயும் என் பின்னாலேயே திரும்பிவிட்டாய். வழியில் உதிர்ந்து கிடந்த கடுக்காயில் ஒன்றைப் பொறுக்கி என் மழைக்கோட்டுப் பையில் போட்டாய். "மலை உனக்குக் கடுக்கா குடுத்திருச்சு மாமா, பத்திரமா வெச்சுக்க." நான் சிரிக்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் என்னை இறக்கிவிட்டு, "அடுத்த லீவுல போலாம்" என்றாய்.

"உன் கூப்புடு தூரத்துக்கு நீயே போ" என்றேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

அந்த வியாழக்கிழமை நீ கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குக் கடுக்காய் கொடுத்தது மலை இல்லை, நீதான்.

இதையெல்லாம், கடுக்காய் விழுந்த அன்றைக்கு உன் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஞாயித்துக்கெழம லீவு போடுங்க. நானும் வரேன்" என்றாள்.

"முட்டி வலிய வெச்சுக்கினு மலை ஏறுவியா நீ?"

"எந்தம்பி பாக்காத அருவிய நான் பாக்காம விடமாட்டேன். நீங்க திரும்பினாலும் நான் திரும்பமாட்டேன், ஆமா."

அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாதா!

நேற்று போனோம். நாலு இடத்தில் உட்கார்ந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்து, மெதுவாக ஏறினோம். அந்தப் பாறை வந்தது. என் கால் தானாக நின்றுவிட்டது. பாழாய்ப்போன பயம், இரண்டு வருடமாக அங்கேயே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. உன் அக்கா தடியை ஊன்றி அந்தப் பக்கம் போய் நின்று என்னையே பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். உட்கார்ந்து நகர்ந்தாவது போவேனே தவிர இனிமேல் திரும்புவதில்லை என்று அப்படியே உட்கார்ந்து நகர்ந்தேன். பேன்ட்டின் பின்பக்கம் கிழிந்தது. கிழியட்டும்.

பாறைக்கு அப்பால் வெட்டவெளி. பெரிய பள்ளம், அதற்கு எதிரே இன்னொரு சரிவு. அங்கே ஒரு பெண் வாயருகே கையைக் குவித்து யாரையோ கூப்பிட்டாள். பக்கத்தில் நிற்பவள் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. எங்கள் பக்கமிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். பள்ளத்தில் இறங்கி ஏறி இருவரும் சந்திக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆனாலும் அது கூப்பிடு தூரம்தானே! ஆடு மேய்த்த அந்த மனிதர் பொய்யே சொல்லவில்லை மச்சான். அவர் குரலை வைத்துச் சொன்னார், நான் காலை வைத்துக் கேட்டேன். அதற்காகவா உன்னிடம் அப்படிப் பேசினேன்?

நானும் கையைக் குவித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. "மச்சா...ன்!" என்று இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன்.

"இன்னாங்க? யாரு வோணும்?" என்று எதிர்ச் சரிவிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

உன் அக்கா முந்திக்கொண்டாள். "எந்தம்பிம்மா!"

"இந்தப் பக்கம் யாரும் வர்லியே!"

"தெரியும்மா" என்றேன். அது அவளுக்குக் கேட்டிருக்காது.

அருவிக்கு முன்னால் போய் நின்றோம். சாரலிலேயே நனைந்துவிட்டோம். உன் அக்கா தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு மன்னித்துக்கொள் என்று அந்த இரைச்சலுக்கு நடுவே சத்தமாகவே சொன்னேன். இனி ஒருத்தரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்றும் சொன்னேன். இது சத்தியம்.

இறங்கி வரும்போது வழியில் ஒரு ஆள் சட்டையெல்லாம் வேர்த்துப்போய்க் கல்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். "இன்னும் எவ்ளோ தூரங்க? சரியா சொல்லுங்க, இல்லன்னா திரும்பிடுறோம்" என்றார் அவர், எரிச்சலோடு.

சரியான கணக்கு நுனிநாக்கில் இருந்தது. சட்டைப் பையில் கையை விட்டேன். உன் கடுக்காய் தட்டுப்பட்டது.

"தோ, கூப்புடு தூரந்தாங்க" என்றேன். "திரும்பிடாதீங்க."