காரணம் தெரியாத சாட்சி

ஜூன் 4, புதன்

ஞானஸ்நான வகுப்பில் இன்று மறுபடியும் அவமானம். பன்னிரண்டு சீஷர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார் கிருபாகரன் ஐயா. பதினோரு பேரைச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவதாகப் பேதுருவையே திரும்பக் கூட்டிவந்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நமக்கு மார்க் இல்லை என்று அர்த்தம்.

பட்டாபிராமில் ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு ஹால், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், தேவைக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர். இதுதான் சபை. இங்கே தண்ணீரில் முங்கி எழுவதற்கு டிரைவிங் லைசென்ஸைவிடப் பெரிய பரீட்சை. லைசென்ஸுக்காவது ஏஜென்ட் இருக்கிறார்.

ஐயா சபைச் செயலாளர். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே விட்டுவந்த வேலையை எங்கள்மேல் பார்க்கிறார். டீ வேண்டுமென்றால்கூட "சகோதரி, சற்றே தேநீர் கிடைக்குமோ" என்பார். எனக்கு அந்தத் தமிழ் வராது. வகுப்பில் என்னோடு இருக்கும் பவ்யாவுக்குப் பிறந்ததிலிருந்தே வரும். பத்தொன்பது வயதுப் பெண், எதைக் கேட்டாலும் குழாயைத் திறந்த மாதிரி கொட்டுகிறாள்.

எனக்கு முப்பத்தாறு. பேசாமல் வீட்டில் துணி மடித்திருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு அண்ணனூர், அம்மா வீடு. தம்பி விக்ரம் கதவைத் திறக்கும்போதே "வாங்க பாஸ்டரம்மா" என்றான். சாம்பார் முடிவதற்குள் விசாரணை ஆரம்பம். ஆதாம் ஏவாளோட பையன் காயீனுக்குப் பொண்டாட்டி எங்கேருந்து வந்தா? டைனோசர் நோவா பேழையில ஏறிச்சா இல்லையா? ஆபீஸ் போகும் ரயிலில் வீடியோ பார்த்தே பிரபஞ்சத்தை முடித்துவிட்டவன். கேஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாது.

"ஒண்ணும் தெரியாமயே சேரப்போறியா சௌம்யா? ஐடென்டிட்டின்னா சும்மாவா?"

அம்மா அவன் தட்டில் ரசத்தை ஊற்றி, "மொதல்ல துன்னுடா" என்றாள்.

அங்கே சிரித்துச் சமாளித்தேன். கோவில்பதாகை வந்து என் வீட்டைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. அவன் ஒரு ஆள், அவன் பேச்சுக்கு ஒரு அழுகை! ஆனாலும் — ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லையே? நான் என்னத்தைத்தான் நம்புகிறேன்? யாராவது நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஜூன் 11, புதன்

காயீனின் மனைவியைப் பற்றி ஐயாவிடம் கேட்டேன். பதில் வந்தது, அ, ஆ, இ என்று உட்பிரிவுகளோடு. கேட்டுக்கொண்டே இருந்தபோது புரிந்தது, இவருக்கும் விக்ரமுக்கும் ஒரே வியாதி. வாழ்க்கையில் ஒருமுறைகூட "தெரியலை" என்று சொல்லியிராத வாய்கள்.

ஜூன் 20, வெள்ளி

கீழ் வீட்டுப் புஷ்பா அக்கா வீட்டில் சங்கிலி ஜெபம். ஒருவர் ஜெபித்து முடித்து அடுத்தவர் கையைத் தொட வேண்டும், அவர் தொடர வேண்டும். ஒரு அம்மா ஆண்டவருக்கு அந்த வாரத்துச் செய்திகளை வாசித்தார். மருமகள் வேலைக்குப் போகும் நேரம், வரும் நேரம் எல்லாம் அதில் வந்தது. ஆண்டவருக்குத் தெரியாது பாவம். என் முறை வந்தது. ஜெபிக்காமலே அடுத்தவர் கையைத் தொட்டுத் தள்ளிவிட்டேன்.

கோழை. வேறென்ன.

ஜூன் 25, புதன்

ஜூலை இருபதாம் தேதி ஞானஸ்நானம். அதற்கு முன் ஒவ்வொருவரும் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும், ஆண்டவர் நமக்கு என்ன செய்தார் என்று. வகுப்பில் என் கதையைச் சொல்லிக் காட்டினேன்.

விவாகரத்துக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் எனக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை போட்டால் தலை கனக்கும், தூக்கம் மட்டும் வராது. அம்மா என்னோடு வந்து தங்கி, என் நெற்றியில் விபூதி பூசி, தெரிந்த அம்மன் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு என்னோடு சேர்ந்து விழித்துக் கிடந்தாள். போன வருஷம் புஷ்பா அக்கா "சும்மா வந்து உக்காரு" என்று சபைக்குக் கூட்டிப்போனாள். பிரசங்கத்தின் நடுவில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. யாரும் எழுப்பவில்லை. விழித்தபோது ஹால் காலி. அக்கா மட்டும் ஒரு மூலையில் இருந்தாள். அவ்வளவு நேரமும் யாரோ பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. அது அக்கா இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயம்.

இதுதான் மொத்தக் கதை. மற்றவர்களுக்குக் கேன்சர் குணமாகிறது. லாரி கவிழ்ந்து கீறல் இல்லாமல் எழுந்து வருகிறார்கள். நம்முடையது குறட்டை. ஐயா கண்ணாடியைத் துடைத்தார்.

ஜூன் 28, சனி

ஐயா என் சாட்சியைத் "திருத்தி" வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். குறட்டை போய்விட்டது, அந்தகாரம் வந்திருக்கிறது. என் தாயார் வணங்கிய பிசாசுகள் என் நித்திரையைக் கட்டிவைத்திருந்தனவாம். சபைக்குள் கால் வைத்ததும் கட்டு அறுந்ததாம். நித்திரை! பிறந்ததிலிருந்து நான் ஒருநாளும் நித்திரை செய்ததில்லை. தூங்கித்தான் இருக்கிறேன்.

மூன்று முறை படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறான் மனுஷன்.

ஜூலை 2, புதன்

வகுப்பு முடிந்ததும் கேட்டேன், அம்மா விஷயத்தை எடுத்துவிடலாமா என்று.

"காரணம் இல்லாத சாட்சி சபைக்குப் பிரயோஜனப்படாது, சகோதரி. நித்திரை ஏன் போயிற்று, ஏன் வந்தது என்று ஜனங்கள் கேட்பார்கள்."

"எனக்கே தெரியாதே ஐயா."

"அதற்காகத்தானே நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

படியிறங்கி வந்தேன். என் தூக்கம் எனக்கு ஏன் வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா ஞானஸ்நானத்துக்கு வருகிறாளாம். மாடிப்படி, வெயில், கூட்டம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.

"நீ தண்ணில முங்கசொல்ல நான் பாக்க வாணாமா? பொறந்தப்போ மொத தண்ணி ஊத்துனது யாரு?"

விக்ரம், "நீ விபூதியோட போனா வெரட்டுவாங்கம்மா" என்றான்.

"ஏன் வெரட்றாங்கோ? எம் பொண்ணு தூங்குன எடம்டா அது."

ஜூலை 17, வியாழன்

புஷ்பா அக்கா யோசனை சொன்னாள்: "அவர் எழுதினதைப் படிச்சுட்டு முங்கிட்டு வந்துடு. அப்புறம் யார் கேக்கப்போறா?" அக்கா நல்லவள். நல்லவர்கள் சொல்லும் யோசனைதான் எப்போதும் மோசமாக இருக்கிறது.

கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. நன்றாக வருவதுதான் அசிங்கமாக இருக்கிறது. படிக்காவிட்டால் முங்க விடமாட்டார்கள். எனக்கு அது வேண்டும். சத்தியமாக வேண்டும். இந்தக் கூத்தையெல்லாம் வேறு எதற்காகச் சகித்துக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 20, ஞாயிறு

மொட்டை மாடியில் தார்ப்பாய்த் தொட்டி, லாரித் தண்ணீர். முதலில் பவ்யா. மடமடவென்று ஒப்பித்தாள், முங்கினாள், கைதட்டல்.

அடுத்து நான். வெள்ளைச் சுடிதார். கையில் போன், போனில் ஐயாவின் தமிழ். முதல் வரிசையில் அம்மா, நெற்றி நிறைய விபூதியோடு. அவள் பக்கத்தில் புஷ்பா அக்காவைத் தவிர யாரும் உட்காரவில்லை. பரிசுத்தவான்கள்!

"என் தாயார்" என்பதுவரை படித்தேன். தன்னைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை. போனை அணைத்துவிட்டேன்.

என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. குறட்டையைச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். பிறகு, "எங்கம்மா எனக்காக வேண்டினது பிசாசுகிட்டன்னு இதுல எழுதியிருக்கு. எனக்கு அதெல்லாம் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். எனக்காக எங்கம்மா தூங்கலை, அது தெரியும். இங்க இயேசு என்னைப் பாத்துக்கிட்டார், அதுவும் தெரியும். எனக்கு அவர் வேணும்" என்றேன்.

ஐயா எழுந்தார். "எதுவுமே தெரியாமல் எதை விசுவாசிக்கிறீர்கள், சகோதரி?"

"எதைன்னு இல்லைங்க. அவரைத்தான்."

பாஸ்டர் தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஐயாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் ஷார்ட்டேஜ். "அடுத்த முறை பார்க்கலாம், சிஸ்டர். இன்னும் கொஞ்சம் ஆயத்தப்படுங்க."

அவ்வளவுதான். துளி ஈரம் இல்லாத வெள்ளை உடையோடு நாற்காலிக்குத் திரும்பினேன். அம்மா சும்மா இருப்பாளா? எழுந்து தொட்டி ஓரமாகவே போய் நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா நாயம் இது? பொய் சொன்னாத்தான் முங்க வுடுவீங்களா? எம் பொண்ணு இன்னா கொறஞ்சிட்டா? எறக்குய்யா அவள தண்ணில!"

புஷ்பா அக்காவும் நானும் சேர்ந்து இழுத்துக்கொண்டு இறங்கினோம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அம்மா என் தலையைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சேகீது" என்றாள். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அவமானம்தான். ஆனால் என்னைப் பார்த்து எனக்கு அசிங்கமாக இல்லை.

ஜூலை 23, புதன்

வகுப்புக்குப் போனேன். ஏன் வந்தாய் என்பது போல் பார்த்தார் ஐயா. புதன்கிழமை, அதனால் வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனையில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். கால் நீட்ட இடம் கிடைத்தது.

அண்ணனூரில் விக்ரம் காத்திருந்தான். "அவங்கதான் உன்னைச் சேத்துக்கலையே, அப்புறம் நீ என்ன கிறிஸ்டியன்?"

"கிறிஸ்டியன்தான்."

"அப்போ காயீன் பொண்டாட்டி?"

"தெரியாது."

"டைனோசர்?"

"அதுவும் தெரியாது. ஊறுகாயை இப்படித் தள்ளு."

அவன் தொடர்ந்து ஏதோ பேசினான். கேள்விகள் அதேதான். எனக்குத்தான் இன்று அழுகை வரவில்லை. ஊறுகாயில் உப்பு அதிகம்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டதாம். வரும் வாரம் ஆபரேஷன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாளைக் காலை அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மதியத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பயம். சாயங்காலம் அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீயும் உன் சாமிகிட்ட ஒருவாட்டி சொல்லு. சத்தமா சொல்லு, எனக்குக் கேக்கணும்."

விக்ரம் சிரித்தான். "அவ ஃபெயிலான கேஸும்மா."

"நீ மூடிக்கினு அந்த டிவிய நிறுத்து."

நிறுத்தினான். நான் கண்ணை மூடினேன். ஐயாவின் தமிழ் ஒன்றும் வரவில்லை, தேடவும் இல்லை. "ஆண்டவரே, எங்கம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். பயந்துக்கினு இருக்காங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க கூட இருங்க. ஆமென்."

கண்ணைத் திறந்தேன். அம்மா இன்னும் மூடியிருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா."

"எல்லாம் நல்லபடியா ஆயிடும்ல?"

"தெரியலைம்மா."

அம்மா தலையாட்டினாள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "ரெண்டு இட்லி வை" என்றாள்.