அடுத்தவர் வீட்டுப் படங்கள்

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் முழு நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை பாதி நலம் என்றுதான் எழுதுகிறது. பதறாதே, யாரும் விழவில்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை. குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, என் முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. குட்டி முன்பல் விழுந்து ஈயென்று நிற்கிற படத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பால் பல்தானே, முளைத்துவிடும், அதுவரை நாக்கால் துழாவ வேண்டாம் என்று சொல். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், கம்ப்யூட்டரில் எழுதினால் அவர் கண்ணில் பட்டுவிடும். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது, அதனால்தான்.

அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தெரிந்ததுதான். காபி குடித்து முடித்ததும் அலமாரியிலிருந்து அந்தக் கறுப்பு டிஸ்க்கை எடுத்து, துடைத்து, கம்ப்யூட்டரில் செருகி, பேக்கப் எடுத்தாக வேண்டும். பச்சைக் கோடு கடைசிவரை ஓடி முடிகிற வரைக்கும் நாற்காலியை விட்டு அசையமாட்டார், நடுவில் வீடே பற்றி எரிந்தாலும் ஒரு நிமிஷம் என்பார். வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ கம்பெனிகளின் சம்பளக் கணக்கு அவர் கையில் இருந்தது, சாயங்காலம் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தப் பழக்கம் இன்றைக்கும் ஒரு வாரம் தவறவில்லை. கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது கண்ணு, மனசுக்குத்தான் இல்லை. டாக்டர் அதற்கு என்னவோ ஒரு பெயர் சொன்னார், மருந்து கொடுத்தால் மெதுவாக முற்றும், நிற்காது என்றும் சொன்னார். கொஞ்சம் மறதி, வயசானால் யாருக்கும் வருவதுதான் என்று உன்னிடம் மழுப்பிக்கொண்டே இருந்தேன். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இல்லை இது.

எனக்கே இது கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெரியவந்தது. ஒருநாள் அவருடைய ஆபீஸ் பிரிவுபசாரப் படங்களைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, யார் யாரோட ஃபோட்டோவோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து கிடக்குது, அடுத்தவங்க சமாசாரம் நமக்கெதுக்கு, அழிச்சுட்டேன் என்றார், வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர் மாதிரி அவ்வளவு நிம்மதியாக. இதற்கு அவரைத் திட்ட முடியுமா நீயே சொல். ஒரு கம்பெனியின் கணக்கு இன்னொரு கம்பெனியின் கணக்கோடு கலந்துவிட்டால் சாப்பாடு இறங்காத மனுஷர், இப்போதும் அதே யோக்கியத்தோடுதான் இருக்கிறார். தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். அவர் தங்கமானவர், கவலைப்படாதீங்கம்மா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் டிஸ்க்குல தனித்தனியா இருக்குது, பழைய தேதியைத் தொட்டா அன்னைக்கு இருந்தபடியே காட்டும், வேணுங்கிறதுக்கு டிக் போட்டு ரெஸ்டோர் அழுத்துங்க, திரும்ப வந்துரும் என்று சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை எதையோ மாற்றி அழுத்தி எல்லாம் இரண்டிரண்டாக வந்துவிட்டது, உன் கல்யாணமே இரண்டு தடவை நடந்தது. இப்போது கை தேறிவிட்டேன். மதியம் அவர் கண்ணயரும்போது நான் எடுத்து வைப்பதும், அவர் எழுந்து மறுபடி அழிப்பதுமாக ஒரு குடித்தனம் நடக்கிறது. எந்தப் படம் காணாமல் போகிறதோ, அந்த வாரம் அவர் மனசிலிருந்து யார் போனார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். முதலில் ஆபீஸ் சிநேகிதர்கள், அப்புறம் பழைய வீட்டில் பக்கத்தில் இருந்தவர்கள், அப்புறம் உன் சித்தப்பா. ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்த தம்பி. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒரு வாரம் என் படங்களும் போயின. நேரில் என்னைத் தெரிகிறது, படத்தில் சடையை முன்னால் போட்டுக்கொண்டு நிற்கிறவளைத்தான் தெரியவில்லை. அவளை எனக்கே இப்போது அடையாளம் தெரியாது, அவரைச் சொல்லி என்ன. டிஸ்க் நிரம்பிக்கொண்டு வருகிறது, இடம் போதாவிட்டால் ரொம்பப் பழைய வாரங்களை அது தானாகவே அழித்துவிடும் என்றும் கடைக்காரர் சொன்னார், பயந்துபோய் இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றிப் போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். கட்டின புருஷனுக்குத் தெரியாமல் நான் ஒளித்து வைத்த பொருள் என்றால் இது ஒன்றுதான்.

சுற்றி வளைத்தது போதும், சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் படங்களுக்கு வந்துவிட்டார். நீ பிறந்ததிலிருந்து காலேஜ் போனது வரைக்கும், அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சேர்த்து வைத்தாரே, அதற்கு. ஆனால் அதை மட்டும் உடனே அழிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, இது யார் வீட்டுப் பொண்ணோ தெரியல, கைக்குழந்தையிலேர்ந்து எல்லாம் இருக்குது, அவங்க வீட்டுல தேடி அலைவாங்க, சும்மா அழிச்சா பாவம், திருப்பிக் குடுத்துடணும் என்றார். எனக்கு அந்த வீட்டைத் தெரியும் என்றேன், வேறு என்ன சொல்வது. உடனே மேஜை டிராயரைக் குடைந்து ஒரு பென் டிரைவைக் கண்டுபிடித்து அதில் காப்பி எடுத்தார். எடுத்ததோடு விடுகிற ஆளா உன் அப்பா, ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்காமல் எதையும் கைமாற்றமாட்டாரே, ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தார். மதியம் பூராவும் அதுதான் வேலை. நீ தவழ்ந்தது, சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் கட்டோடு எல்லாரையும் முறைத்தது, பள்ளிக்கூடத்தில் பரிசுக் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு படத்தில் அவர் தோளில் நீ உட்கார்ந்து அவர் முடியைப் பிடித்து இழுக்கிறாய். அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த ஆளு குழந்தைய எவ்வளவு பத்திரமா புடிச்சிருக்கான் பாரு, இவன்தான் அப்பனா இருக்கணும் என்றார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அப்புறம் பென் டிரைவைத் தாளில் சுற்றி, மேலே உரியவரிடம் சேர்க்கவும் என்று எழுதி, தாமதம் பண்ணாம அனுப்பிடு என்று என் கையில் கொடுத்தார். உறைக்குள் இருப்பது அதுதான். தாளைக் கிழித்துவிடாதே, அவர் கையெழுத்து.

அலைச்சல் வேண்டாம், லீவு கிடைக்கும்போது வந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான், இப்போது வா என்கிறவளும் நான்தான். லீவுக்குக் காத்திருக்காதே. ஃபோனில் என்னம்மா சாப்பிட்டியா என்று நன்றாகத்தானே கேட்கிறார் என்று ஏமாந்துவிடாதே, மருந்துக்கடைப் பெண்ணையும் அப்படித்தான் கேட்கிறார். ஃபோனை வைத்ததும் யார் பேசினது என்று என்னைக் கேட்கிறார். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல், குட்டியைக் கூட்டிக்கொண்டு வா, அவளைக் கொஞ்சுவதற்கு அவருக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை. எல்லாரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. கதவைத் திறந்ததும் நீங்க யாரு என்று அப்பா கேட்டால் முகம் வாடிவிடக் கூடாது, அழுகையை எனக்காக வைத்துக்கொள். நீங்க அனுப்பின படமெல்லாம் எங்க வீட்டுதுதான், ஒண்ணுகூடக் குறையாம வந்து சேர்ந்துச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் என்று சொல். ரொம்பச் சந்தோஷப்படுவார். உள்ளே வந்து உட்காரச் சொல்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா