அடைக்கு உட்கார்ந்த கோழி

அலெக்சாந்திரியா

அன்புள்ள ஹமீதாவுக்கு, உன்மேலும் பிள்ளைகள்மேலும் இறைவனின் சாந்தி நிலவட்டும். அம்மாவின் முட்டுவலி தேவலையா? நான் நலம்.

நேற்று சாரத்தில் செங்கல் தூக்கும்போது கால் லேசாக நடுங்கியது. விழவில்லை, உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். இறைச்சி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மூன்று வேளையும் ரொட்டியும் மொச்சையும்தான். நீ கொடுத்தனுப்பிய கோழியின் முட்டையை அறையில் மூன்று பேரும் முறைவைத்துச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தோம்.

இப்போது அது மொட்டைமாடியில், அடியில் ஒரு முட்டைகூட இல்லாமல், அடைக்கு உட்கார்ந்துவிட்டது. பத்து நாளாயிற்று.

"முட்டை போடாத கோழிக்குத் தீனி எதுக்குடா பக்ரி? வெள்ளிக்கிழமை அறுத்துடலாம்" என்கிறான் அறைத்தோழன் ஷஹாத்தா.

"உன் பொண்டாட்டி கொண்டுவந்த சீரா அது?" என்று ரிஃபாத் வேறு சிரிக்கிறான்.

எனக்கு வேலையில் கை ஓடவில்லை. மதிய இடைவேளையில்கூட ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர்கள் கையை நீட்டினால் கொத்துகிறது, என்னைக் கொத்துவதில்லை.

அடை தெளிய நீ என்ன செய்வாய்? தண்ணீரில் முக்குவாயா, கூடையில் கவிழ்ப்பாயா? வியாழனுக்குள் எழுது. ஊருக்கு வரும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பு. இந்த அலெக்சாந்திரியாவில் தங்கியிருப்பவர்களில் நம் வீட்டைப் பார்த்தவர்கள் நானும் அந்தக் கோழியும்தான்.

பக்ரி