நீ கூரைக்குள் அடைத்த போர்வைகள்

என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணமான அன்பு மச்சான்,

நீ போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. உன் வீட்டுக் கூரை சொட்டுகிறது. கேட்டதும் எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன பயன்? இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய்.

லண்டன் ஓரத்தில் ஒரு பழைய பண்ணைக் கொட்டிலை நீ வாங்கியபோது சனம் சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான். என் தங்கச்சியை மாட்டோடு கட்டிவைக்கப் போகிறான் என்று ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ அதை வீடாக்கினாய். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்தபடியே நின்றார்கள். தேர்க்கொட்டகை மாதிரி உயர்ந்த கூரை. அதைத் தாங்கும் கறுத்த ஓக் மர வளைகள். வீட்டுக்குத் திரும்பியதும் என் மனைவியும் அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்கட வீட்டில பல்புதான் தெரியுது."

அன்று பற்றியது மச்சான். நீ செத்தும் அணையவில்லை.

போன கிழமை தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணை, கட்டிலில தண்ணி சொட்டுது. மழையும் பெய்யேல்லை." வால்தம்ஸ்டோவில் கூரை வேலை செய்கிற எங்கட ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்க மனைவியும் தொற்றிக்கொண்டாள். அவர் ஏணியில் ஏறி ஒரு பலகையைக் கழற்ற, பூப்போட்ட போர்வையொன்று வழிந்து விழுந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு புலிப்படம் போட்டது.

"அண்ணை, இது கூரையோ, புடவைக்கடையோ?" என்றார் ஏணியில் நின்றபடியே.

குளிர் புகாத இன்சுலேஷன், இன்சுலேஷன் என்று நீ பீற்றியது இதைத்தானா? எங்கட சனம் புது வீடு என்றால் பெரிய பையில் போர்வையோடுதான் வரும். அது பிரிக்கப்படாமலே அடுத்த புது வீட்டுக்குப் போகும். நீ எல்லாவற்றையும் பிரித்துக் கூரைக்குள் திணித்திருக்கிறாய், காற்றுப் போக ஒரு விரல் இடமும் விடாமல். தங்கச்சி பிட்டு அவித்த ஆவியெல்லாம் மேலே ஏறி, வெளியேற வழியில்லாமல், போர்வைகளில் ஊறிச் சொட்டியிருக்கிறது.

நான் தந்த நீலப் போர்வையையும் தேடினேன். கூரைக்குள் அடைத்திருந்தால் உன்னை ஆயுளுக்கும் திட்டலாம் அல்லவா? காணவில்லை.

"அது அலுமாரியில கிடக்கு அண்ணை. கடைசிவரைக்கும் அவர் அதைத்தான் போர்த்துக்கொண்டு படுத்தவர்," என்றாள் தங்கச்சி.

ஏன் மச்சான், ஒரு குறைகூட விட்டுவைக்க மாட்டாயா?

கூரை வேலைக்கு வந்தவர் இரண்டு வழி சொன்னார். வளைகளுக்குக் கீழே இன்சுலேஷன் வைத்துப் பலகை அடித்தால் கெதியாக முடியும், வளைகள் மறைந்துவிடும். கூரை ஓடுகளைக் கழற்றி வளைகளுக்கு மேலே போட்டால் அவை தெரியும், ஆனால் நாள் இழுபடும். உன் மகளோ, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம்.

"மூடுறதோ, விக்கிறதோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ அண்ணை," என்று தங்கச்சி அழுதாள்.

யோசித்துப் பார். மூடினால் உன் வீட்டிலும் அண்ணாந்தால் பல்புதான். விற்றால் என் வீட்டில் அந்தப் பேச்சே இராது. இத்தனை வருஷம் காத்திருந்த வாய்ப்பு. வாயைத் திறந்தேன்.

"ஒண்டும் விக்க வேண்டாம். மேலால போடட்டும். வளை தெரியவேணும்."

மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்குக் காய்ச்சலோ?"

காய்ச்சல் இல்லை மச்சான். அந்த வீட்டை யாரோ ஒருவன் வாங்கினால் நான் யாரைப் பார்த்து எரிவது? முன்பின் தெரியாதவனைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு வயது போய்விட்டது.

ஓடு திரும்ப ஏறும்வரை தங்கச்சி எங்கள் வீட்டில் இருப்பாள், பல்புக்குக் கீழே. அவள் திரும்பிப் போகும் நாளில் நானே பால் காய்ச்சிக் கொடுப்பேன். சத்தியமாகப் போர்வை கொண்டுபோக மாட்டேன். உன் நீலப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வளைகளை அண்ணாந்து பார்த்து, வயிறார எரிவேன்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியின் அண்ணன்,
உன்னை இன்னும் மன்னிக்காத மச்சான்