முதல் முட்டை

வில்யா அல்கரோபோ, சாக்கோ
நவம்பர் 18, 1997

அன்புள்ள ரோகேவுக்கு,

நானும் யானினாவும் நலம். தெற்கே காற்று இன்னும் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போகிறதா? எண்ணெய்க் கிணற்றில் கையுறை போடாமல் வேலை செய்யாதே. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேட்டால் குதிப்பாய். அதனால் முதலில் ஊர்ச் செய்தி.

பழைய பஞ்சாலைக்குள் பல்கலைக்கழகம் வந்தபோது, "ரெண்டே வருஷத்துல பூட்டிட்டுப் போயிருவாங்க பாரு" என்றாய். நாலு வருஷமாகிறது, பூட்டவில்லை. பஸ் தினமும் மூன்று தடவை வருகிறது. பக்கத்து வீட்டு சுல்மா கோழிக் கொட்டகையை வெள்ளையடித்து மூன்று மாணவர்களைக் குடிவைத்திருக்கிறாள். "கோழிங்களே தேவலாம் போ, பொழுது சாஞ்சா அடங்கிரும்" என்று புலம்பிக்கொண்டே அவர்களுக்கு மாத்தே தேநீர் போட்டுக் கொடுக்கிறாள்.

நம் முட்டை வியாபாரமும் அவர்களால்தான் ஓடுகிறது. கடைசிப் பரீட்சையில் தேறி வெளியே வருகிறவரை வீட்டார் வாசலிலேயே பிடித்து, தலையில் முட்டை உடைத்து, மாவைக் கொட்டி ஊர்வலமாக இழுத்துப் போகிறார்கள். டிசம்பர் வந்தால் கூடை கூடையாகக் கேட்கிறார்கள். "நல்ல முட்டையை நாசம் பண்ணவாடா படிச்சீங்க?" என்று திட்டுகிற சுல்மா, தானும் ஒன்றை எடுத்து எறிகிறாள்.

இனி விஷயம். நானும் அங்கேதான் படிக்கிறேன். செவிலியர் படிப்பு, மூன்றாம் வருஷம், அதுதான் கடைசி வருஷம். நீ வருவது ஜனவரியில், அப்போது அங்கே விடுமுறை. புத்தகங்களைத் தீவன மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். "முட்டை விக்கிறவளுக்கு அங்க என்னடி வேலை?" என்று நீ சிரித்தாயே, அன்று காலையில்தான் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அதற்கப்புறம் சொல்ல வாய் வரவில்லை. மறைத்தது தப்பு. படித்தது தப்பில்லை.

நம் எலியோவுக்குக் காய்ச்சல் கண்ட அந்த பிப்ரவரியில் ஊரில் ஊசி போட ஓர் ஆள் இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு லாரிக்காகச் சாலையில் காத்திருந்தோம். அது வருமுன் அவன் போய்விட்டான். அடுத்த மாதம் நீ தெற்கே போய்விட்டாய். அவன் பெயரை அதன்பின் நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் போகிறேன். போன வாரம் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டேன். வெளியே வந்து அழுதேன்.

டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசிப் பரீட்சை. தேறுவேன் என்றுதான் நினைக்கிறேன். யானினாவுக்கு எல்லாம் தெரியும். "அப்பா வரலன்னா மொத முட்டைய நான் ஒடைக்கிறேம்மா" என்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

லீவை இந்த முறை ஜனவரிக்குப் பதில் டிசம்பரிலேயே கேட்டுப் பார். பஸ்ஸில் இரண்டு நாளாகும், மறந்துவிடாதே. பதினொன்றாம் தேதி சிவப்புக் கோழிகள் இடுவதை யாருக்கும் விற்க மாட்டேன். கோபமாக இருந்தால் அதோடேயே வா, பலமாகவே எறி. நான் குனிய மாட்டேன். ஆனால் நேரில் வந்து எறி, ரோகே.

இட்டாட்டி மாதா உன் வழியைக் காக்கட்டும்.

உன்
எர்மிந்தா