கோட்டுக் காவலுக்கு நான் வரமாட்டேன்

இயேசு மரி சூசை துணை

பிளேஸ்டோ, லண்டன்
8.12.1996

அன்பு மகள் றோஸ்மலருக்கு,

இங்கே நானும் அப்பாவும் தேவகிருபையால் சுகமாக இருக்கிறோம், என் முழங்காலும் அவருடைய வாயும் மட்டும் வழமைபோல ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. அங்கே நீயும் மருமகன் யூட்டும் மெலனிக் குஞ்சும் டிலானும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கவேண்டுமென்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குப் பதில் சொல்லமுன் வெட்கக்கேடான சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு டொலறஸ் அக்கா உனக்குப் போன் எடுத்துச் சொல்லுவா, அவ சொன்னால் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும். ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் எங்கள் கோவிலால் பஸ் பிடித்து லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம் அல்லவா, அங்கே உன்னைப் பெற்ற அம்மா முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களின் கோட்டுகளை வாங்கி வைத்து, அதற்குக் காசும் வாங்கிவிட்டா.

சிரிக்காதே, குற்றம் வானத்தின்மேல்தான். காலையில் பஸ் கண்ணாடியில் உறைபனி, போய் இறங்க நல்ல வெயில், சாப்பாட்டு நேரம் ஆலங்கட்டி, அது கரையமுன் திரும்பவும் வெயில். வெயில் வர வர ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றுவார்கள், கழற்றிய கை தானாகவே என் பக்கம் நீளும். அன்ரி இதை ஒருக்காப் பிடியுங்கோ என்று ஒருத்தி, அம்மா இதையும் வைச்சிருங்கோ என்று உன் அண்ணன் அருள்நேசன், இம்மாகுலேற், உங்களுக்கு உந்த ராட்டினங்களிலை ஏற விருப்பமில்லைத்தானே, இந்த வாங்கிலை இருங்கோவன் என்று டொலறஸ் அக்கா. எனக்கு விருப்பமில்லை என்று அவவுக்கு யார் சொன்னதோ தெரியாது, நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், அந்த மரப்பலகை வாங்கிலே உட்கார்ந்துவிட்டேன். மடியிலே கோட்டு, இரண்டு பக்கமும் கோட்டு, தோளிலே கோட்டு, குவியலுக்கு மேலே என் தலை மட்டும் விற்பனைக்கு வைத்த பூசணிக்காய்போலத் தெரிந்திருக்கும். அப்போது ஒரு வெள்ளைக்காரி வந்தா. என்னையும் குவியலையும் ஒருதரம் பார்த்தா, தன்னுடைய கோட்டைக் கழற்றி அழகாக மடித்து மேலே வைத்தா, என் கையில் ஒரு நாணயத்தை அழுத்தி, மிகவும் நன்றி என்று சொல்லி ஒரு சிரிப்பும் சிரித்தா. இல்லை அம்மா, நான் கோட்டு வைப்பிடத்து ஆள் இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலிஷ் இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளை, இத்தனை வருடத்தில் கோட்டைத் தந்துவிட்டு நன்றி சொன்ன முதல் ஆள் அவதான், அந்த முகத்தைப் பார்த்து மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுக்காததோடு விட்டேனா, அதுவும் இல்லை. கோவில் கூரை திருத்தக் காசு சேர்க்க விற்கிற றாபிள் ரிக்கெற், அதுதான் பரிசுச் சீட்டுப் புத்தகம் என் கைப்பையில் கிடந்தது, அதில் ஒன்றைக் கிழித்து, அடையாளச் சீட்டுப்போலப் பெரிய எடுப்பாக நீட்டினேன். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்!

வாங்கிய காசு முழுவதையும் றாபிள் பணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன், கூரைக்குத்தான் போனது, அதில் எனக்குப் பயமில்லை. பயம் வந்தது போன ஞாயிறுதான். பூசை முடிந்து சீட்டுக் குலுக்கினார்கள், சோறு அவிக்கும் மின்சாரப் பானை முதற்பரிசு, அந்த வெள்ளைக்காரிக்குக் கொடுத்த சீட்டுக்கு விழுந்துவிட்டது. அடிக்கட்டையில் பெயர் இல்லை. பங்குச் சுவாமி இலக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார், எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் அந்தோனியார் சுரூபத்தை வாழ்க்கையில் முதல்தரம் காண்பவள்போலப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த டொலறஸ் அக்கா என் காதுக்குள், உங்கடை கஸ்ரமராக்கும் என்றா. அவவுக்குத் தெரியாமல் பிளேஸ்டோவில் பால் பொங்காது.

இதையெல்லாம் பகிடிக்கு எழுதுகிறேன், இனி எழுதுவது பகிடி இல்லை. அன்று பின்னேரம் வெள்ளைக்காரர் எல்லாரும் சீட்டைக் காட்டி தங்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டு போனபிறகு எங்கள் ஆட்களின் குவியல் மட்டும் மிஞ்சியது. அப்பா தேத்தண்ணிக் கடையில் இருந்தார், மற்றவர்கள் வேறு ஏதோ ஒன்றில் ஏற நின்றார்கள். எனக்கு முன்னாலே, மேலே ஏறிக் கீழே பாய்கிற பெரிய றோலர் கோஸ்ரர் ரயில், காலையிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு போய்ச் சிரித்துக்கொண்டு இறங்குவதை அந்த வாங்கில் இருந்தே பார்த்தவள் நான். ஏன் நான் ஏறக்கூடாது என்று ஒரு எண்ணம் வந்தது. குவியலை அப்படியே அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்ற பெட்டை தன் கூட்டாளியிடம் இந்த அன்ரி வீடு மாறுகிறாவோ என்று இங்கிலிஷில் கேட்டாள், நான் விளங்காததுபோல நின்றேன். கால் கடுக்க நின்று முனைக்கும் வந்துவிட்டேன். அங்கே நின்ற பொடியன் நல்ல பிள்ளை, கோட்டுகளோடு ஏற ஏலாது என்றான். பிறகு எனக்குப் பின்னாலே எட்டிப் பார்த்து, இதைப் பிடிக்க உங்களோடு ஒருத்தரும் வரவில்லையா என்று கேட்டான். நானும் திரும்பிப் பார்த்தேன் பிள்ளை. ஒருத்தரும் இல்லை. வரிசையில் ஏறிவந்த படிகளால் எல்லோரையும் விலத்திக்கொண்டு இறங்கி வந்து, திரும்பவும் அதே வாங்கில் இருந்தேன். வீட்டுக்கு வந்தும் ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நீங்கள் ரொறன்ரோவிலிருந்தும் நாங்கள் இங்கிருந்தும் புளோரிடா விளையாட்டுப் பூங்காவுக்கு வந்து சந்திக்கிறது, ஆறு வருடத்துக்குப் பிறகு உன்னைக் காணப்போகிறேன், பேரப்பிள்ளைகளை முதன்முதலாகத் தூக்கப்போகிறேன், இதையெல்லாம் வாசித்து அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? புளோரிடாக் குளிர்காலத்தை நம்ப ஏலாது, விடியக் குளிரும், மத்தியானம் கொளுத்தும், நடுவிலை மழையும் வரும், பிள்ளையள் உடுப்பைக் கழட்டுறதும் போடுறதுமாத்தான் இருக்குங்கள், அம்மா வந்தால் நல்ல உதவி, நீங்கள் ஒண்டிலும் ஏறத் தேவையில்லை, சாமானுகளோடை நிழலிலை ஆறுதலாய் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். மகளே, அட்லான்டிக் சமுத்திரத்துக்கு அந்தப்பக்கத்திலும் எனக்கு ஒரு வாங்கு போட்டு வைத்திருக்கிறாயா? ஆறுதலாக இருக்க எனக்கு இங்கே கதிரை இருக்கிறது, அதற்கு விமானம் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறி முடிய, முற்றத்துக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கோட்டு மாட்டி விடுவதும் நான்தான், அதற்காவது சம்பளம் தருகிறார்கள். நான் வருவேன், ஆனால் கோட்டுக் காவலுக்கு வரமாட்டேன். இதை மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

உடுப்பு விஷயத்தில் இங்கே ஆளுக்கொரு புத்தி சொல்கிறார்கள். அருள்நேசன், புளோரிடா எங்கடை யாழ்ப்பாணம் மாதிரித்தான் அம்மா, பருத்திச் சட்டை காணும் என்கிறான். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடும்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை, மார்கழி விடியப்புறம் அங்கே கிணற்றடியில் பல்லுக் கிட்டுவது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது, சுடுதண்ணி வைத்துக் கொடுத்தவள் நானல்லவா. டொலறஸ் அக்கா முந்தின வருடம் போனவ, அவன் சொன்னமாதிரியே நம்பி மெல்லிய நைலெக்ஸ் சேலைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போனா. போய் இறங்கிய அன்று தோடம்பழத் தோட்டத்துக்கெல்லாம் உறைபனி என்று செய்தியில் சொன்னார்களாம். ஹோட்டல் படுக்கை விரிப்பைச் சேலைக்குமேல் போர்த்துக்கொண்டு பூங்காவுக்குள் நடந்தாவாம், அமெரிக்கச் சனம் அவவையும் அங்கத்தைய வேடக்காரர்களில் ஒருத்தி என்று நினைத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்ததாம். இதை அவ வெளியே சொல்லவில்லை, அவவின் மகள் எனக்குச் சொன்னாள், நீ ஒருவருக்கும் சொல்லாதே. அதனால் நான் இப்படி முடிவெடுத்திருக்கிறேன். தடித்த கோட்டு ஒருவரும் கொண்டுவரக் கூடாது, அதுதான் எல்லாக் கரைச்சலுக்கும் வேர். முட்டைக்கோவா இலைபோல மெல்லியதாக ஒன்றுக்குமேல் ஒன்று போடவேண்டும், உள்ளே பருத்தி, அதற்குமேல் கம்பளிச் சட்டை, அதற்குமேல் மடித்தால் கைப்பிடிக்குள் அடங்குகிற மழைக்கோட்டு. கழற்றினால் கம்பளியை இடுப்பைச் சுற்றிக் கட்டவேண்டும், மழைக்கோட்டை இடுப்புப் பைக்குள் வைக்கவேண்டும். கிறீன் ஸ்ட்ரீட் சந்தையில் எல்லோருக்கும் இடுப்புப் பை வாங்கிவிட்டேன், டிலானுக்குக்கூட ஒரு குட்டிப் பை. அவரவர் உடுப்பு அவரவர் இடுப்பில், அம்மாவின் கை இரண்டும் வெறுங்கை, நான் றோலர் கோஸ்ரரில் கம்பியைப் பிடிக்கவேண்டும்.

இன்னொன்று, காற்சட்டை வாங்கியிருக்கிறேன். ஓம், எனக்குத்தான். சேலைத் தலைப்புப் பறக்கும் என்று அங்கேயும் யாராவது பொடியன் என்னைத் திருப்பி அனுப்ப நான் இடம் கொடுக்கமாட்டேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் பார்த்தேன், பஞ்சுத் தலையணையை நிமிர்த்தி வைத்து நடுவில் கயிறு கட்டினதுபோல இருந்தது, இருந்தாலும் உள்ளுக்குள் நல்ல கணகணப்புச் சூடு. அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, இது ஆற்றை காற்சட்டை என்று கேட்டார். என்ரைதான், நான் எல்லாத்திலும் ஏறப்போறன், இந்தமுறை ஒருத்தற்றை கோட்டையும் பிடிக்கமாட்டன் என்று சொன்னேன். மனிசன் கீழே போய்த் தேத்தண்ணி ஊற்றி, முழுக்கோப்பையும் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். என்ன கேட்டார் என்று நினைக்கிறாய்? அப்ப கோட்டை ஆர் பிடிக்கிறது என்று கேட்டார்! இத்தனை வருடக் கலியாணத்தில் அவர் இவ்வளவு நேரம் யோசித்ததை நான் கண்டதில்லை. நீங்கள்தான் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஏனென்று உனக்கு மட்டும் சொல்கிறேன், அவருக்கு உயரத்துக்குப் பயம். வீட்டில் மின்குமிழ் மாற்ற ஏணியில் ஏறுவதும் நான்தான், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு எனக்கு வழி சொல்லுவார்.

ஆகையால் மறக்காமல் செய்யவேண்டியது, டிலானின் உயரத்தை இப்போதே அளந்து பார். அவனுக்கு உயரம் காணாது என்று ஏறவிடாவிட்டால் நீ கவலைப்படாதே, அவனோடு கீழே நிற்க அம்மப்பா இருக்கிறார், இரண்டு பேரும் நல்ல சோடி. மெலனியிடம் சொல்லிவை, அம்மம்மா முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பா, கையைப் பிடிப்பா, பயத்தில் கத்தப்போவது அம்மம்மாதான், அவள் வெட்கப்படக் கூடாது. நீயும் என்னோடு ஒருதரம் ஏறவேண்டும் றோசா, நான் வரிசையின் முனையில் நின்று திரும்பிப் பார்க்கும்போது நீ பின்னால் நிற்கவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. பனியில் வெறும் தலையோடு வேலைக்குப் போகாதே, காதை மூடு. மாதா தன் மேலாடைக்குள்ளே உங்கள் நாலு பேரையும் வைத்துக் காக்கட்டும், அந்த ஒரு மேலாடையைப் பிடிக்கச் சொன்னால் மட்டும் மறுக்கமாட்டேன்.

எப்போதும் உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா
இம்மாகுலேற்

கடிதத்தை ஒட்டமுன் இன்னொன்று. சந்தையில் இடுப்புப் பைகளோடு ஒரு பெரிய துணிப்பையும் வாங்கினேன், தோளில் போடலாம், வார் நல்ல உறுதி. சும்மா ஒரு எண்ணத்துக்கு அப்பாவின் தடித்த கோட்டை மடித்து வைத்துப் பார்த்தேன், அதற்குமேல் இன்னும் நாலு தாராளமாகக் கொள்ளும்.