நான் கேட்டு வாங்கிய புத்தகம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பணியிடை நீக்க உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. என் முந்தைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும். இதை மட்டும் முழுக்கப் படித்துவிடுங்கள்.

நீங்கள் போனதிலிருந்து நம் பள்ளி நூலகத்தைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். மதிய இடைவேளையில் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாற்காலி முதுகில் நீங்கள் விட்டுப்போன சாம்பல் நிற ஸ்வெட்டர் தெரிகிறது. ஆசிரியர் அறையில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் கிழிந்த அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டே உங்களோடு ஊர்வம்பு பேசியது போல எனக்கு வேறு யாரோடும் பேச வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையால் எழுதித் தீர்க்க வேண்டும். முதல் பெற்றோர் கூட்டத்தில் அந்த மரக்கடைக்காரர், "குடிக்கிற அப்பனை விட்டுட்டு அம்மாவும் பொண்ணும் வெளியேறுறாங்களாம். இதையா பிள்ளைங்களுக்குக் குடுக்கிறது?" என்று புத்தகத்தை மேசையில் வீசினார். யார் தேர்ந்தெடுத்தது என்று தலைமையாசிரியை கேட்டார். என் வகுப்புக்காக நான்தான் அதை வாங்கச் சொன்னேன். நீங்களோ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான்தான்" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நிரந்தரம் ஆகாத வேலை, படிக்கிற மகன் என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

போன மாதம் நூலகர் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் கொடுத்து, "இது உங்களுக்கு மட்டும் வந்ததில்லம்மா. தனியா நிக்காதீங்க, நாங்க வர்றோம்" என்றார். மனு எழுதவும் கூட உட்கார்ந்து உதவினார்.

செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழு கூடியது. செயலாளர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, "புத்தகத்தைக் கேட்டது நான். என்னைக் காப்பாத்தத்தான் அவங்க பழியை ஏத்துக்கிட்டாங்க. தண்டனைன்னா எனக்கும் சேர்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தை முழுவதும் படித்தீர்களா என்று குழுத் தலைவர் மரக்கடைக்காரரைக் கேட்டார். அடிக்கோடு போட்ட பக்கங்களைப் படித்தேன் என்றார் அவர்.

அப்போது பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். சலவைக் கடையில் வேலை பார்ப்பவர். என் மாணவி ஒருத்தியின் தாய். "எனக்குப் படிக்க வராது. என் பொண்ணுதான் வாசிச்சுக் காட்டினா. நம்ம வீட்டு விஷயத்தை யாருடி இதை எழுதினவங்ககிட்ட சொன்னதுன்னு கேட்டேன். 'இது கதைம்மா'ன்னா. இப்படி நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். மரக்கடைக்காரர் கூட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார்; மனம் மாறினாரா, தெரியாது.

புத்தகம் நூலகத்திலேயே இருக்கும். உங்கள் நீக்கம் ரத்து. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. வேலை நிரந்தரமாவது இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. போகட்டும். அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

உத்தரவு பதிவுத் தபாலில் வரும். ஆனால் உங்களுக்கு அங்கேயே வேறு வேலை கிடைத்துவிட்டதாக அலுவலக எழுத்தர் சொன்னார். உண்மையென்றால் உங்களைத் தடுக்க எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் ஒரு நாளாவது வாருங்கள், அக்கா. சில வார்த்தைகளை முகம் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனக்குக் கடிதம் எழுத மனம் வரவில்லையென்றால், வருகிற தேதியை மட்டும் ஒரு தபால் அட்டையில் போட்டு அனுப்புங்கள். வேறு ஒரு சொல்லும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
எட்டாம் வகுப்பு டீச்சர்